பாட்டுப் போடாத பகுதி

ஐப்பசி மழை பிடித்துக்கொண்ட வாரத்தில் அலமாரிக்குள் எரிந்துகொண்டிருந்த குண்டு பல்பு போய்விட்டது. ஏற்காட்டுக்காரர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை, உங்களுக்குச் சொல்கிறேன். இங்கே மழைக்காலத்தில் பட்டுப்புடவையிலிருந்து பெல்ட் வரை எல்லாம் பூஞ்சை பிடிக்கும். அதனால் சூட்டில் ஈரம் காயட்டும் என்று அலமாரிக்குள் ஒரு பல்பை எரியவிட்டுக் கதவைச் சாத்திவைப்போம். புதிது வாங்கப் போனால் கடைக்காரத் தம்பி எல்.இ.டி. பல்பை நீட்டினான். "குண்டு பல்பெல்லாம் இப்ப வர்றதில்லீங்க்கா." மாட்டிவிட்டுக் கையை வைத்துப் பார்த்தேன். வெளிச்சம் இருந்தது, சூடு இல்லை.

அந்தச் சூட்டுக்கு ஒரு வாசனை உண்டு. வெதுவெதுப்பான பிளாஸ்டிக்கும் தூசியும் கலந்தது. என் முதல் வேலையின் வாசனையும் அதுதான். தொண்ணூறுகளில் சின்னராசு அண்ணனின் வீடியோ ஸ்டுடியோவில் கல்யாணக் கேசட்டுகளை அப்படித்தான் பல்பு போட்டுக் காத்தோம். அண்ணன் சென்னையிலிருந்து கேப்சர் கார்டு என்று ஒன்று வாங்கிவந்தார். கேசட்டில் ஓடும் படத்தைக் கம்ப்யூட்டருக்குள் இழுத்துக்கொள்ளும் அட்டை. சேலத்தில் கம்ப்யூட்டர் படித்தவள் என்று அதை மாட்டும் பொறுப்பு என் தலையில் விழுந்தது. நான் படித்ததெல்லாம் கடிதம் டைப் அடிக்க மட்டும்.

படம் வந்தால் சத்தம் வராது. சத்தம் வந்தால் கரண்ட் இறங்கிப் படம் உறைந்துபோகும். பனி உள்ளே வந்துவிடும் என்று ஜன்னலைத் திறக்கவும் அண்ணன் விடமாட்டார். ஆயுத பூஜையன்று கம்ப்யூட்டர் பெட்டியைத் திறந்து அட்டைக்கே சந்தனப் பொட்டு வைக்கப் போனார். ஈரம் பட்டால் அட்டை போய்விடும் என்று ஓடிப்போய்க் கையைப் பிடித்தேன். "ஏங்கண்ணு, சாமிப் பொட்டு கெடுதல் பண்ணுமா?" என்றவருக்கு முகம் சுருங்கிவிட்டது. பெட்டிமேல் வைத்துச் சமாதானமானோம்.

ஒருவழியாக எல்லாம் ஓடத் தொடங்கிய சமயத்தில் ஆரோக்கியம் ஐயா வந்தார். கொட்டச்சேடு பக்கம் எஸ்டேட்டில் கணக்கெழுதும் ரைட்டர். துண்டில் சுற்றி ஒரு கேசட் வைத்திருந்தார். மகள் ஸ்டெல்லாவின் கல்யாணம், அண்ணன் எடுத்ததுதான். ஸ்டெல்லா அந்த வருடம் காய்ச்சலில் இறந்துபோயிருந்தாள். கேசட்டின் ஓரமெல்லாம் வெள்ளையாகப் பூத்திருந்தது.

"படம் போனாப் போகுதுங்க. போட்டோ ஊட்டுல இருக்குது. புள்ள பேசறத மட்டும் எடுத்துக் குடுங்க சாமி."

அண்ணன் கேசட்டை வாங்கி, ஐயாவின் முகத்தைப் பார்க்காமல் என்னிடம் நீட்டினார். நான் பூஞ்சையைத் துடைத்துப் பிளேயரில் போட்டேன். ஸ்டெல்லா திரையில் வந்தாள், சிரித்தாள், வாய் அசைந்தது. கேட்டதோ சினிமாப் பாட்டு. அது முடிந்ததும் இன்னொரு பாட்டு. அப்போது எல்லா ஸ்டுடியோவிலும் அதுதான் வழக்கம். மண்டபத்து இரைச்சலை எடுத்துவிட்டு முதலிலிருந்து கடைசிவரை பாட்டுப் போட்டால்தான் ஜனங்களுக்குப் பிடிக்கும். பேச்சோடு பதிந்த மூலக் கேசட்டில் அடுத்த கல்யாணத்தை எடுத்துவிடுவோம்.

"பாட்ட மட்டும் கழிச்சுட்டுக் குடுங்க. அதுக்குத்தானுங்களே மிசினு வந்திருக்குது," என்றார் ஐயா. அப்படி நம்பித்தான் பஸ் ஏறி வந்திருக்கிறார். அடியில் பேச்சே இல்லை என்று நான் சொன்னது அவருக்கு ஏறவில்லை. மாலை மாற்றும் இடத்தைத் திரும்பத் திரும்ப ஓட்டச் சொன்னார். திரைக்கு நெருங்கி உட்கார்ந்து மகளின் உதட்டையே பார்த்தார்.

"இங்க 'அப்பா'ங்குது பாரு கண்ணு," என்றார்.

உதடு இரண்டும் ஒட்டித் திறந்தது உண்மைதான். அண்ணன் எழுந்து வெளியே போய்விட்டார். எனக்கு அழுகை தாங்கவில்லை.

அதற்குப் பிறகு அண்ணன் எந்தக் கல்யாணத்திலும் பந்திப் பகுதிக்குப் பாட்டுப் போடவில்லை. ஜனங்கள் சண்டைக்கு வந்தார்கள். என் கல்யாணக் கேசட்டைப் பார்த்துவிட்டு எங்கள் அப்பாவே குறைபட்டுக்கொண்டார். "என்ன கண்ணு, உன்ற மொதலாளி பாட்டே போடாம உட்டுட்டாரு? நொம்ப சப்புனு இருக்குது." அந்தப் பகுதி முழுக்க அப்பாதான், "ஏனுங்க, பாயசம் இந்தப் பக்கம் வல்லீங்க" என்று கத்திக்கொண்டு இலைகளுக்கு நடுவே ஓடுவார்.

ஸ்டுடியோ இருந்த இடத்தில் இப்போது சாக்லேட் விற்கிறார்கள். அண்ணன் இல்லை, ஆரோக்கியம் ஐயாவும் இல்லை. அப்பாவும் போய்விட்டார். கேசட் ஓட்டும் பிளேயர் எனக்குத் தெரிந்து ஏற்காட்டில் யாரிடமும் கிடையாது. சேலத்தில் எங்காவது கொடுத்து மாற்றிக்கொள்ளலாம் என்று நானும் வருடக்கணக்காகத் தள்ளிப்போட்டு, என் கல்யாணக் கேசட்டைப் புடவைகளுக்கு அடியில் வைத்திருந்தேன்.

மழை விட்டதும் நேற்று எடுத்துப் பார்த்தேன். அலமாரிக்குள் நல்ல வெளிச்சம். கேசட்டின் ஓரத்தில் வெள்ளை பூத்திருக்கிறது.