நாத்தனார் தெருவை விட்டுப் போகும் ஜிபிஎஸ்

மலைப்பக்கம் போனால் போனில் சிக்னல் நிற்பதில்லை. அதனால் ஜீப்பில் வைக்க ஒரு கெட்டியான ஜிபிஎஸ் வாங்க, அடிக்கடி மலைக்கு ஜீப் ஓட்டிப் போகும் மகள் செல்வி இன்று என்னையும் கடைக்கு அழைத்துப் போனாள்.

கடைக்காரர் ஒன்றை எடுத்துக் காட்டினார். "மழையில நனைஞ்சாலும், கீழ விழுந்தாலும் ஒண்ணும் ஆவாதும்மா. நீங்க வேணாம்னு சொன்ன ரோட்டை விட்டுட்டு சுத்திக்கினு போவும்."

"அப்போ இதையே வாங்கு. பூதிகோட்டையில உங்க அத்தை தெருவை வேணாம்னு போட்டுடு" என்றேன். என் வீட்டுக்காரர் படுத்த படுக்கையாகக் கிடந்தபோது எட்டிப் பார்க்காத நாத்தனார் அவள்.

செல்வி தலைகுனிந்தபடி சொன்னாள், "இன்னாம்மா நீ. மலைக்குப் போறப்போ எல்லாம் அத்தை வீட்டுல காபி குடிச்சிட்டுதான் போறேன்."

அதையே வாங்கினோம். எந்தத் தெருவையும் விலக்கவில்லை.

அந்தக் காபி எப்படி இருக்கும் என்று கேட்க வாய் வரை வந்தது. கேட்கவில்லை. கேட்டால் என் கோபம் தீர்ந்துவிட்டது என்று ஆகிவிடாதா? நீங்களே சொல்லுங்கள்.