ஏழாவது நிமிடத்தில் அறுந்த வி.பி.என்.

“…அதனால மலை மேல பழி போடாதீங்க அண்ணா. திண்டிவனத்துல எங்க சித்தி வூட்ல உக்காந்து பாத்தேன். அங்க ஏது மலை? அங்கயும் ஏழாவது நிமிஷம் புட்டுக்கிச்சி. வூட்டு லைன்ல பாத்தேன், போன்ல ஹாட்ஸ்பாட் போட்டு பாத்தேன். லைன் மாறுச்சி, ஊரு மாறுச்சி, இந்தப் பொட்டி மட்டும் மாறல.”

கௌசல்யா இப்படிச் சொன்னதும் கையிலிருந்த ஸ்க்ரூடிரைவரைக் கீழே வைத்துவிட்டேன்.

செஞ்சி பஜாரில் பதினெட்டு வருடமாகக் கம்ப்யூட்டர் சர்வீஸ் கடை வைத்திருக்கிறேன். படித்து வந்த தொழில் இல்லை, கழற்றிக் கழற்றிக் கற்றது. எங்கள் ஊரில் நெட் சம்பந்தமாக எது கெட்டாலும் சொல்வதற்கு ஒரு பதில் தயாராக இருக்கும்: மலை மறைக்குது. சுற்றிலும் மலை நிற்கிறதா, கேட்டவரும் அண்ணாந்து பார்த்துவிட்டு “ஆமால்ல” என்று போய்விடுவார். கௌசல்யாவிடமும் போனில் இரண்டு தடவை அதையே சொல்லியிருந்தேன்.

கஸ்டமர்கள் கோளாறைச் சொல்லும் விதம் எனக்கு ரொம்பப் பிடிக்கும். “லேப்டாப் முழிச்சிக்கினு தான் இருக்குது, பேச மாட்டேங்குது” என்பார் ஒருவர். “பிரிண்டர் பேப்பர மென்னு துப்புது” என்பார் பக்கத்து மளிகைக்கடைக்காரர். பாதிக் கோளாறு அந்தச் சொல்லிலேயே தெரிந்துவிடும். ஆனால் எதெல்லாம் காரணம் இல்லை என்று வரிசையாகச் சோதித்துவிட்டு வந்தவரை அன்றுதான் பார்த்தேன். ஒரு தாளில் எழுதியே வைத்திருந்தாள். இணைந்த நேரம், அறுந்த நேரம். இரண்டு மாதக் கணக்கு. எல்லாமே ஆறேமுக்காலிலிருந்து ஏழேகால் நிமிடத்துக்குள்.

அவளுக்குத் தளவானூர். சென்னை கம்பெனி ஒன்றுக்கு வீட்டிலிருந்தே மெடிக்கல் கோடிங் பார்க்கிறாள், அதாவது ஆஸ்பத்திரி ரிக்கார்டுகளை இன்சூரன்சுக்கான குறியீடுகளாக மாற்றுகிற வேலை. நோயாளிகளின் விவரங்கள் என்பதால் வி.பி.என். இல்லாமல் ஆபீஸ் பக்கம் எட்டிப்பார்க்கவே முடியாது. வி.பி.என். என்றால் நம் லேப்டாப்புக்கும் கம்பெனிக்கும் நடுவே போடுகிற பூட்டிய பாதை. பாதை அறுந்தால் பாதியில் இருந்த வேலை போச்சு. அன்று வெள்ளிக்கிழமை. சாயங்காலம் ஆறு மணி ஷிஃப்டில் இன்னொரு தரம் அறுந்தால், திங்கட்கிழமையிலிருந்து சென்னை ஆபீசுக்கே வந்துவிட வேண்டும் என்று டீம் லீடர் சொல்லிவிட்டாராம்.

“எட்டு மாசக் கொழந்தைய வூட்ல வுட்டுட்டு நான் ஹாஸ்டல்ல தங்கறதா அண்ணா? வேலைய எழுதிக் குடுத்துட்டு வந்துட வேண்டியது தான்.”

அப்போது மணி பதினொன்று.

முதலில், கம்பெனி கேட்ட வி.பி.என்., ஆன்டிவைரஸ் இரண்டையும் மட்டும் விட்டுவிட்டு, பின்னணியில் ஓடுகிற வெளி சாஃப்ட்வேர் அத்தனையையும் நிறுத்தினேன். இருபத்துநான்கு இருந்தன. ரீஸ்டார்ட் செய்து லாகின் பண்ணச் சொன்னேன்.

“அண்ணா, கொஞ்சம் அந்தாண்ட திரும்பிக்கங்க. பாஸ்வேர்டு.”

என் கடையிலேயே நான் சுவரைப் பார்த்து நின்றேன். பாஸ்வேர்டைத் துண்டுச்சீட்டில் எழுதி லேப்டாப் மேலேயே ஒட்டி எடுத்து வருகிறவர்களைப் பார்த்துப் பழகிய எனக்கு அது பிடித்திருந்தது. லாகின் ஆனது. ஏழு நிமிடம் தாண்டியது. பத்து, பதினைந்து. அறுபடவில்லை.

“பாத்தீங்களா? மலை நவுந்துக்கிச்சி” என்றாள்.

சரி, இருபத்துநான்கில் எது? ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்க்கலாம் என்றேன். ஒவ்வொன்றுக்கும் ரீஸ்டார்ட், பிறகு ஏழு நிமிடக் காத்திருப்பு. இருபத்துநான்குக்கும் பார்த்தால் ஷிஃப்ட் தொடங்கிவிடும்.

“எங்க நைனா பஞ்சாயத்துல டேங்க் ஆபரேட்டர் அண்ணா. தண்ணி எங்க லீக்காவுதுன்னு தேட ஊரையே தோண்டிக்கினா இருப்பாரு? நடுவுல ஒரு வால்வ மூடுவாரு. தெக்கயா வடக்கயான்னு மொதல்ல தெரிஞ்சிடும். பாதி பாதியா போடுங்க.”

முதல் பன்னிரண்டைப் போட்டோம். ஏழாவது நிமிடம் அறுந்தது. எனக்கு ஒரே குஷி, இந்தப் பன்னிரண்டில்தான் இருக்கிறது என்று. எதற்கும் பார்த்துவிடுவோம் என்று அவற்றை நிறுத்திவிட்டு மற்ற பன்னிரண்டைப் போட்டால், அதிலும் அறுந்தது.

என் புத்தி பழைய இடத்துக்கே ஓடியது. “இல்லம்மா, இந்தப் பாதியிலயும் அறுவுது, அந்தப் பாதியிலயும் அறுவுது. அப்ப சாஃப்ட்வேர் இல்ல. லைன் தான்…”

அவள் என்னை முடிக்க விடவில்லை. “எல்லாத்தையும் நிறுத்துனப்ப பதினஞ்சி நிமிஷம் நின்னுச்சே, அது இன்னா? ரெண்டு பக்கமும் ஒழுவுதுன்னா ரெண்டு எடத்துல ஒடைப்பு அண்ணா. இதுல இன்னா டென்ஷன்?”

பதினெட்டு வருடத்தில் எனக்குத் தோன்றாத கணக்கு அது. கோளாறு என்றால் ஒன்றுதான், கண்டுபிடித்ததும் கதை முடிந்தது என்றே வேலை பார்த்திருக்கிறேன். ஒன்றைச் சரிசெய்தும் தீராத மெஷினை எத்தனை பேரிடம் “போர்டு போச்சு” என்று திருப்பிக் கொடுத்திருப்பேனோ தெரியவில்லை.

டீ வாங்கிவந்தேன். தனித்தனியாக இரண்டு பக்கமும் பாதி பாதியாக வெட்டிக்கொண்டே போனோம். ஆறு, மூன்று, ஒன்று. ஒவ்வொரு ஏழு நிமிடமும் அவள் ஸ்க்ரீனையும் தாளையும் மாறி மாறிப் பார்த்தபடி இருந்தாள். நடுவில் வீட்டுக்கு ஒரு போன். “பாப்பா சாப்டாளா? தூங்க வெச்சிடு. வந்துடுவேன்.” குரலில் பதற்றம் இல்லை, ஆனால் பேனா மூடியைக் கழற்றிக் கழற்றி மாட்டிக்கொண்டிருந்தாள்.

மூன்றரை மணிக்கு இரண்டும் சிக்கின.

ஒன்று, இலவச வி.பி.என். பின்னணியில் சும்மா கிடக்காமல், ஏழு நிமிடத்துக்கு ஒரு தரம் எழுந்து, தானே கனெக்ட் ஆகப் பார்த்து, கம்பெனி போட்ட பாதையைப் பிடுங்கிவிடும். இன்னொன்று, இரண்டாவது ஆன்டிவைரஸ். கம்பெனி கேட்ட ஆன்டிவைரஸ் ஏற்கெனவே இருக்க, இதுவும் சேர்ந்து அதே பாதையில் வருகிறதைப் போகிறதை எல்லாம் நிறுத்திச் சோதித்தது. ஒரே வாசலில் இரண்டு வாட்ச்மேன்; அந்தத் தாமதத்தில் இங்கேயும் ஏழு நிமிடம் போல ஆனதும் பாதை அறுந்தது.

“இது ரெண்டும் இன்னா அண்ணா? நான் போடலயே” என்றாள்.

எனக்குத் தெரியும் அது என்னவென்று. என் கடைக்கு எந்த லேப்டாப் வந்தாலும், வந்த வேலையை முடித்துவிட்டு ஒரு ‘செட்டு’ போட்டுக் கொடுப்பேன். ஆன்டிவைரஸ், கிளீனர், வீடியோ பிளேயர், இலவச வி.பி.என். யாரும் கேட்டதில்லை. நம் கடைக்கு வந்தவர்கள் சந்தோஷமாகப் போகட்டும் என்று நானாகச் செய்வது. இரண்டு மாதம் முன்பு கௌசல்யா கீபோர்டு மாற்ற வந்திருந்தாள்.

“நான் தான்மா போட்டேன்.”

அவள் கத்துவாள் என்று நின்றேன். “கீபோர்டு மட்டும் மாத்தியிருக்கலாம்ல?” என்றாள். அவ்வளவுதான். நாலு திட்டு திட்டியிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

இரண்டையும் வேரோடு எடுத்தேன். மீதி எல்லாவற்றையும் ஓடவிட்டு வி.பி.என். போட்டோம். இருபது நிமிடம் அசையாமல் நின்றது. அவள் டீம் லீடருக்கு ஸ்பீக்கரில் போன் போட்டாள். “சார், லைன் பிரச்சன இல்ல. சர்வீஸ்ல போட்ட ரெண்டு சாஃப்ட்வேர் நம்ம வி.பி.என்-ஓட சண்ட போட்டுது. எடுத்தாச்சு. டைம் எல்லாம் எழுதி வெச்சிருக்கேன், அனுப்பறேன்.” கடைப் பெயரைச் சொல்லவில்லை, அவர் கேட்கவும் இல்லை. “இன்னிக்கு கட் ஆவாம இருந்தா மண்டே நீங்க வர வேணாம்” என்றார் அவர்.

அன்றைய ஷிஃப்டில் ஒரு தரம்கூட அறுபடவில்லை. இன்றைக்கும் தளவானூரிலிருந்துதான் வேலை பார்க்கிறாள். இந்தத் தொழிலுக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு அதிலிருந்து நான் சொல்லக்கூடியது இவ்வளவுதான்: கேட்காத சாஃப்ட்வேரைப் போடாதீர்கள். ஒரு மெஷின் இரண்டாம் முறை வந்தால், முதல் முறை நம் கை அதில் என்ன செய்தது என்பதை முதலில் பாருங்கள். ஒரு கோளாறு அகப்பட்டதும் தேடுவதை நிறுத்திவிடாதீர்கள்.

அன்று டீம் லீடரிடம் பேசிவிட்டு அவள் போனை வைத்தபோது மணி நாலேகால். ஷிஃப்டுக்குள் வீடு போய்ச் சேர வேண்டியவள், லேப்டாப்பைப் பைக்குள் வைத்து, ஜிப்பைப் பாதி இழுத்தவள், நிறுத்தினாள்.

“அண்ணா, இந்த செட்ட வேற யாருக்கெல்லாம் போட்டீங்க?”

“வந்தவங்களுக்கு எல்லாம் தான்மா.”

“அதுல எத்தினி பேரு என்ன மாதிரி வூட்ல இருந்து ஆபீஸ் வேல பாக்கறாங்க?”

அவள் பையை ஓரமாக வைத்து, ஸ்டூலை மறுபடி இழுத்துப் போட்டு உட்கார்ந்து, தாளைத் திருப்பி வெள்ளைப் பக்கத்தில் ‘1’ என்று எழுதிவிட்டு, “பேர் சொல்லுங்க” என்றாள்.