ஈப்போவில் யாரும் கதவைத் தட்டுவதில்லை

ஈப்போவில் யாரும் கதவைத் தட்டுவதில்லை. தட்ட முடியாது என்பதே சரி. தெருவை ஒட்டி இரும்பு கேட். அதற்கு ஒரு பூட்டு. கார் நிறுத்தும் இடத்தைத் தாண்டினால் கம்பிக் கதவு. அதற்கும் ஒரு பூட்டு. அதற்கும் பின்னால்தான் மரக்கதவு இருக்கும். தபால்காரர் தெருவில் நின்று ஹார்ன் அடிப்பார். ரொட்டிக்காரரும் ஹார்ன்தான். பக்கத்து வீட்டுச் சீன அம்மாள் கேட்டுக்கு வெளியே நின்று "அன்ட்டீ!" என்று ஒரு கத்துக் கத்துவாள், எனக்குக் கையில் இருக்கிற கரண்டி விழுந்துவிடும். பாளையங்கோட்டையில் பால்காரர் முதல் உபதேசியார் வரை கதவைப் போட்டு இடிக்கிற இடியிலேயே வளர்ந்தவள் நான். கல்யாணமாகி மலேசியாவுக்கு வந்த புதிதில், ஒரு கதவுச் சத்தம்கூட இல்லாத இந்த வீட்டில் உட்கார்ந்து அழுதிருக்கிறேன்.

தட்டியவர் ஒரே ஒருவர். என் வீட்டுக்காரர் ஜெயசீலன். பக்கத்து ஊரான பத்து காஜாவில், ஆஸ்பத்திரியில் மருந்து கொடுக்கிற வேலை பார்த்தார். சாயங்காலம் ஏழு மணிக்கு வந்து கேட்டைத் திறப்பார், கம்பிக் கதவைத் திறப்பார், மரக்கதவுக்கும் சாவி சட்டைப் பையிலேயே இருக்கும். ஆனாலும் தட்டுவார். முதலில் ஒன்று, கொஞ்சம் விட்டு, சேர்ந்தாற்போல் இரண்டு. நான் ஓடிப்போய்த் திறப்பேன். "சாவிய வச்சுக்கிட்டு என்ன மகாராஜா மாதிரி தட்டுறீங்க?" என்று கேட்டால் சிரிப்பார். அந்த மனிதரிடம் பதில் வராத கேள்விகள் நிறைய இருந்தன. அதில் பாதி, அவருடைய லாட்ஜைப் பற்றியது.

லாட்ஜ் என்றதும் பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் ரூம் போடுகிற இடம் என்று நம் ஊர்க்காரர்கள் நினைத்துவிட வேண்டாம். இது ஃப்ரீமேசன் லாட்ஜ். வெள்ளைக்காரர்கள் ஆரம்பித்த சங்கம். மாதம் ஒருநாள் ஆண்கள் மட்டும் கறுப்புக் கோட்டு போட்டு, இடுப்பில் வெள்ளை ஏப்ரன் கட்டி, கதவைச் சாத்திக்கொண்டு கூட்டம் நடத்துவார்கள். பிறகு ஒன்றாகச் சாப்பிடுவார்கள். ஏழைப் பிள்ளைகளின் படிப்புக்கு உதவுவார்கள். உள்ளே என்ன நடக்கிறது என்று மட்டும் மூச்சு விட மாட்டார்கள். மலாய்க்காரர்கள் அந்தக் கட்டடத்துக்கு வைத்த பெயர் ரூமா ஹந்து. பேய் வீடு.

ஆயர் தாவார் பக்கம் ஒரு ரப்பர்த் தோட்டத்தில் மரத்தைக் கீறிப் பால் எடுத்தவரின் மகன் இவர். சின்ன வயதில் தோட்டத்துத் துரை சின்னக் கறுப்புப் பெட்டியோடு காரில் போவதைப் பார்த்தாலே தொழிலாளர் லயத்துப் பிள்ளைகள் ஓடி ஒளிவார்களாம். துரை ரூமா ஹந்துவுக்குப் பிள்ளைத் தலை கொண்டுபோகிறார் என்று பேச்சு. அந்த லயத்துப் பிள்ளைதான் பிற்பாடு லாட்ஜ் ஏப்ரனுக்கென்று அதேபோல ஒரு கறுப்புப் பெட்டியை வாங்கி அலமாரி மேலே வைத்துக்கொண்டது. இவருடைய அக்கா மேரிக்கு அது கடைசிவரை பிடிக்கவில்லை. லாட்ஜ் விருந்திலிருந்து இவர் கேக் கொண்டுவந்து கொடுத்தால் அக்கா வாங்கிக்கொள்வார். பிறகு அது வாழைமரத்தடியில் கிடக்கும். கோழிகூட அதைச் சாப்பிட்டு நன்றாகத்தான் இருந்தது.

போன வருஷம் இவர் போய்விட்டார். அடக்கத்தில் பாஸ்டர் ஜெபம் முடித்ததும் லாட்ஜ் ஆட்கள் வெள்ளைக் கையுறையோடு வரிசையில் வந்து, ஆளுக்கொரு பச்சைத் தழையைக் குழிக்குள் போட்டார்கள். மேரி அக்கா என் கையைப் பிடித்து நெரித்தார். "பாத்தியாலா, கட்டு போடுறாங்க. என் தம்பிய மேல போக விடாம கட்டு போடுறாங்க." எனக்கு அழுவதற்கே நேரம் இல்லை, இதில் கட்டாவது மண்ணாவது என்று விட்டுவிட்டேன்.

நாற்பதாம் நாள் ஜெபம் முடிந்த அந்த வாரத்தில்தான் அது ஆரம்பித்தது. சாயங்காலம் ஏழு மணி. மரக்கதவில் ஒன்று, கொஞ்சம் விட்டு இரண்டு. நான் பழக்கத்தில் ஓடிப்போய்த் திறந்தேன். கம்பிக் கதவில் பூட்டு. கேட்டில் பூட்டு. தெருவில் ஈ காக்கை இல்லை. பக்கத்து வீட்டில் பெலாச்சான் என்கிற இறால் விழுதை வறுக்கிற நெடி மட்டும் வந்தது. முதல்நாள் வீட்டு விளக்கையெல்லாம் போட்டுவிட்டுத் தூங்காமல் கிடந்தேன். மறுநாள் வந்தபோது பயம் குறைந்தது. அதற்கப்புறம் ஆறரைக்கே முகம் கழுவிப் பவுடர் போட்டு உட்கார்ந்திருக்க ஆரம்பித்தேன். இதை எழுதவே வெட்கமாக இருக்கிறது.

பிள்ளைகள் இல்லாதவள் நான். ஊரிலிருந்து தம்பி தேவா வாரம் தவறாமல் போனில் கூப்பிடுவான். "மாடில ஒனக்கு ரூம் கட்டியாச்சு. அந்த வீட்ட வித்துட்டு வந்து சேருக்கா. தனியா அங்க என்னத்தப் பண்ணுத?" அவன் சொல்வதில் தப்பே இல்லை. வீட்டை விலைக்குக் கேட்டு ஆளும் வந்தார்கள். ஆனால் நான் போய்விட்டால், இவர் வந்து தட்டும்போது யார் திறப்பார்கள்? இதை யாரிடம் சொல்ல முடியும்? தஞ்சோங் ரம்புத்தானில் பெரிய மனநல மருத்துவமனை இருக்கிறது. இந்த ஊரில் யாராவது கொஞ்சம் மாற்றிப் பேசினால் அந்தப் பெயரைச் சொல்லித்தான் சிரிப்பார்கள்.

லாட்ஜில் புதுத் தலைவர் பதவியேற்கும் நாளில் குடும்பங்களுக்கும் விருந்து உண்டு. விதவைகளை அவர்கள் மறப்பதில்லை. எனக்கும் அழைப்பு வந்தது. ஒரு மலாய்ப் பையன் ஓட்டிய கிராப் வாடகைக் காரில் போனேன். இடத்தைப் பார்த்ததும் கண்ணாடியில் என்னைப் பார்த்து, "ரூமா ஹந்து! பயமில்லையா அன்ட்டி?" என்று மலாயில் கேட்டான். எனக்குத் தெரிந்த அரைகுறை மலாயில், என்னுடைய ஹந்து வீட்டில் இருக்கிறது என்றேன். விழுந்து விழுந்து சிரித்தான். "ஹஸ்பண்டா அன்ட்டி?" ஆமாம் என்றேன். அவன் இன்னும் சிரித்தான்.

ஆண்கள் மாடியில் கதவைச் சாத்திக்கொண்டார்கள். கீழே பெண்கள் நாங்கள் வெள்ளைத் துணி விரித்த நீள மேசைகளில் உட்கார்ந்திருந்தோம். பக்கத்தில் இருந்த மிஸஸ் சோங், தன் மருமகள் சமைக்கிற லட்சணத்தைச் சொல்லிக்கொண்டிருந்தாள். தலைக்கு மேலே கேட்டது. ஒன்று, கொஞ்சம் விட்டு இரண்டு. நான் தானாக எழுந்துவிட்டேன். நாற்காலி பின்னால் சாய்ந்து விழுந்தது. "டாய்லெட் அந்தப் பக்கம்" என்று மிஸஸ் சோங் கை காட்டினாள். நான் மாடிப்படி ஏறிக்கொண்டிருந்தேன்.

மேலே சாத்திய கதவுக்கு வெளியே சாமுவேல் அண்ணன் கையில் வாளோடு நின்றிருந்தார். ரயில்வேயில் இருந்து ஓய்வு பெற்றவர். கூட்டம் முடியும்வரை வாசலைக் காப்பது அவர் பொறுப்பு. என்னைப் பார்த்துப் பதறிப்போனார். "என்னாம்மா தங்கச்சி, இங்க வரக்கூடாதுலா." அதற்குள் உள்ளேயிருந்து மறுபடியும் தட்டினார்கள். அவர் வாளின் பிடியால் கதவில் அதேபோல் தட்டினார். ஒன்று, கொஞ்சம் விட்டு இரண்டு. நான் அங்கேயே படியில் உட்கார்ந்து அழுதுவிட்டேன்.

"அது எங்க வீட்டுக்காரர் தட்டுறது, அண்ணே."

"நாங்க எல்லாரும் தட்டுறதுதான்மா. கீழ வரைக்கும் கேக்குது, இதுல என்னா ரகசியம் இருக்கு?"

"நீங்க ஏன் கதவத் திறக்கல?"

"திறக்கச் சொல்லித் தட்டலலா. வெளிய ஆளு இருக்கானான்னு கேக்குறாங்க. நான் திருப்பித் தட்டுனா இருக்கேன்னு அர்த்தம். அவ்ளோதான்."

அவ்வளவுதான். இத்தனை வருஷமாக அந்த மனிதர் கதவுக்கு வெளியே நின்று, இருக்கியா, இருக்கியா என்று கேட்டிருக்கிறார். நான் கதவைத் திறந்து, வெங்காயம் வாங்கி வந்தீர்களா என்று கேட்டிருக்கிறேன். சொல்லித் தொலைத்திருக்கலாம் பாவி மனிதர். அன்று விருந்தில், இல்லாமல் போன லாட்ஜ் சகோதரர்களுக்காக எல்லோரும் எழுந்து நின்று கோப்பையை உயர்த்தினார்கள். இவர் பெயரையும் வாசித்தார்கள். நானும் என் ஆரஞ்சு ஜூஸை உயர்த்தினேன்.

மறுநாள் ஏழு மணிக்கு மரக்கதவில் சத்தம் வந்தது. நான் திறக்கவில்லை. உள்ளேயிருந்து தட்டினேன். ஒன்று, கொஞ்சம் விட்டு இரண்டு. அதன் பிறகு சத்தம் வரவே இல்லை. அடுத்த நாளும் இல்லை. அந்த வாரம் முழுக்க இல்லை. நிம்மதியாக இருந்திருக்கும் என்றா நினைக்கிறீர்கள்? பதில் கிடைத்ததும் போய்விட்டாரே என்று இவர் மேல் அப்படி ஒரு கோபம். இனி இங்கே என்ன இருக்கிறது என்று பெட்டியைக் கட்டினேன்.

பாளையங்கோட்டையில் காலையிலிருந்து கதவை இடிக்கிறார்கள். பால், பேப்பர், கேஸ், கோயில் காணிக்கை. எல்லாம் என் தம்பி வீட்டைத் தேடி வருபவர்கள். ஈப்போவில் ஏழு மணி அடிக்கும்போது அங்கே நாலரை. வெயில்கூட இறங்கியிருக்காது. ஒருநாள் அந்த நேரத்தில் என்னை அறியாமல் மாடி ரூம் கதவில் தட்டிவிட்டேன். கீழே துணி மடித்துக்கொண்டிருந்த தம்பி பெண்டாட்டி ஏறி வந்தாள். "கதவு தொறந்துதான கெடக்கு மைனி, என்னத்துக்குத் தட்டுதீய?" நல்ல பெண். காப்பி போட்டுத் தரட்டுமா என்றும் கேட்டாள்.

மாசக் கடைசியில் ஈப்போவுக்குத் திரும்பினேன். கேட்டைத் திறந்தேன், கம்பிக் கதவைத் திறந்தேன். மரக்கதவின் சாவி கையில்தான் இருந்தது. ஆனாலும் தட்டினேன், இருக்கீங்களா என்று. பெட்டியைக் காலடியில் வைத்துக்கொண்டு, பக்கத்து வீட்டு அம்மாள் வேலிக்கு மேலே தலையை நீட்டிப் பார்க்கும்வரை நின்றேன். ஏதாவது கேட்டதா என்று என்னிடம் கேட்காதீர்கள். உள்ளே போய்த் தம்பிக்குப் போன் போட்டு, வீட்டை விற்கவில்லை என்றேன்.

"அப்ப மாடி ரூம என்ன செய்யக்கா? பூட்டிப் போடவா?"

"பூட்டாத. நாலரைக்கு யாராவது தட்டுனா, உம் பெண்டாட்டியத் திருப்பித் தட்டச் சொல்லு."