அப்பாவின் டூட்டி நேரம்

அந்தச் சாரல் காலத்தில் இரண்டு பகுதிநேர வேலைகள் எனக்கு ஒன்றாக வந்தன. ஒன்று குற்றாலத்தில், லாட்ஜ் வரவேற்பறையில். மற்றது தென்காசியில், எங்கள் தெருமுனை மருந்துக்கடையில். எனக்குப் பிடித்தது லாட்ஜ்தான்.

வீட்டில் அப்பாவும் நானும் மட்டுமே. பஸ் ஓட்டி ஓய்வுபெற்றவர்; நினைவு தவற ஆரம்பித்திருந்தது. அடுத்த வீட்டு அக்காவைத் துணைக்கு வைத்துவிட்டு, லாட்ஜ் வேலையைப் பேசி முடிக்கக் குற்றாலம் போனேன். பேசிக்கொண்டிருக்கும்போதே அக்கா போனில் அழைத்தாள்.

"ஏட்டி, உங்க அப்பாவக் காணல. அடுப்ப அணைச்சிட்டு வாரதுக்குள்ள எங்கன போனாவன்னே தெரியல."

ஆட்டோ பிடித்து வந்து இறங்கினேன். தெருவில் தண்ணீர் கேன் வேன் ஒன்று உறுமிக்கொண்டு நின்றது. ஓட்டுநர் கேன் இறக்கப் போயிருந்தார். அவர் இருக்கையில் அப்பா. வேனுக்கு முன்னால் பிள்ளைகள் விளையாடிக்கொண்டிருந்தார்கள். ஜன்னல் வழியாகக் கையை விட்டுச் சாவியைத் திருப்பி வண்டியை அணைத்தேன்.

"டூட்டிக்கு நேரமாச்சு. நீ யாரும்மா?" என்றார் அப்பா கோபமாக.

மருந்துக்கடையில் சேர்ந்துவிட்டேன். அங்கிருந்து எங்கள் வாசல் தெரியும். கதவை வெளியே பூட்டிவிட்டுத்தான் வருகிறேன். முதல் நாட்களில் உள்ளேயிருந்து தட்டிக்கொண்டே இருப்பார். இப்போது தட்டுவதில்லை. உள்ளே என்ன செய்கிறார் என்று தெரியவில்லை.