பெட்டிக்குப் பத்துப் புள்ளி

போன வருசம் இலையுதிர் காலத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. ரொறன்ரோவின் வடக்குப் பக்கம், கல்யாணமும் பெண்பிள்ளைகளின் சாமத்தியச் சடங்கும் நடக்கிற ஒரு பெரிய மண்டபம். அன்றைக்கு அங்கே மாப்பிள்ளை பொம்பிளை இல்லை. மேசை மேசையாகப் பாம்பும் பல்லியும் ஆமையும்தான். ஊர்வன வளர்க்கிறவர்களின் கண்காட்சி அது. அதில் பல்லிப் பிரிவுக்கு நானும் ஒரு நடுவர்.

சிரிக்காதீர்கள். நான் டோர்செட் பார்க்கில் அப்பார்ட்மென்ட் ஒன்றில் இருக்கிற ஐம்பது வயதுப் பொம்பிளை. மூக்குக்கண்ணாடிக்கு வில்லை வெட்டுகிற இடத்தில் வேலை. ஒன்பது வருசத்துக்கு முன்னம், கூட வேலை செய்த ஒருத்தி கல்கரிக்கு வீடு மாறும்போது தன்னுடைய பல்லியைத் தொட்டியோடு என் கையில் தந்துவிட்டுப் போனாள். லெப்பர்ட் கெக்கோ என்பார்கள். மஞ்சள் உடம்பில் கறுப்புப் பொட்டு, கொழுத்த வால், மனிசரைப் போல இமை மூடித் திறக்கிற கண். "சுவரிலை பல்லி ஓடினால் விளக்குமாறு தூக்கிற ஆள் நீர். இப்ப ஹீற்றர் போட்டு வளர்க்கப் போறீரோ?" என்று கணவர் கேட்டார். வளர்த்தேன். பிறகு அதுக்கு ஒரு சோடி தேடினேன். முட்டை வைத்தது, குஞ்சு வந்தது. எந்தக் குஞ்சு எந்தத் தாய்க்கு, எப்போது தோல் உரித்தது, எப்படிச் சாப்பிடுகிறது என்று ஒரு கொப்பியில் எழுதி வைப்பேன். அந்தக் கொப்பியைப் பற்றிக் கேள்விப்பட்டுத்தான் கண்காட்சிக்காரர் என்னை நடுவராக இருக்கச் சொல்லிக் கேட்டார்கள்.

எனக்குப் பெருமைதான், மறைக்க என்ன இருக்கிறது. கழுத்தில் அட்டை மாட்டிவிட்டார்கள். நல்ல சாறி உடுத்தால் என்ன என்றுகூட யோசித்தேன். மற்ற இரண்டு நடுவர்களுக்கும் எனக்கும் ஆளுக்கொரு கட்டுத் தாள். ஒரு பிராணிக்கு ஒரு தாள். நாய்களுக்கு இருக்கிற மாதிரி ஊர்வனவற்றுக்கும் இன்ன இனம் இன்ன மாதிரி இருக்கவேண்டும் என்று இந்த வருசம் விதி எழுதியிருக்கிறோம், இது முதல் தடவை என்று அமைப்பாளர் சந்தோசமாகச் சொன்னார். நிறத்துக்கு நாற்பது புள்ளி. உடம்புக் கோலத்துக்கு முப்பது. தலை அமைப்புக்குப் பத்து, வாலுக்குப் பத்து. கொண்டுவந்த பெட்டி துப்புரவாகவும் வடிவாகவும் இருக்கிறதா என்பதற்குப் பத்து. பிராணியை வெளியே எடுக்கக் கூடாது. சாப்பாடு போட்டுப் பார்க்கக் கூடாது. அதுவும் விதி.

அந்தத் தாளை நான் இரண்டு தரம் வாசித்தேன். அதில் என்ன இல்லை என்பது எனக்குத் தோன்றவே இல்லை.

இருபது, இருபத்தைந்து கெக்கோக்கள் இருக்கும். அதில் ஒன்று, பார்த்தவுடன் கால் நின்றுவிட்டது. பால் வெள்ளை உடம்பு. அதில் தோடம்பழத்தின் செம்மஞ்சளைத் தெளித்துவிட்ட மாதிரிப் பொட்டுகள். தலையை ஒரு பக்கம் சரித்து, என்னை அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தது. 'என்ன வடிவாய் என்னைப் பார்க்குது' என்று நினைத்தேன். உண்மையாகவே அப்படித்தான் நினைத்தேன். தொண்ணூற்று நான்கு போட்டுக் கையெழுத்து வைத்தேன். மற்ற இருவரும் அப்படித்தான் போட்டிருக்கவேண்டும். முதல் பரிசு அதுக்குத்தான்.

அதைக் கொண்டுவந்தவர் எங்கட ஆள், தமிழர். றெக்ஸ்டேலில் இருக்கிறவர், அறுபது தாண்டியிருக்கும். மனைவி காலமானபிறகு தனிமைக்கு இந்தக் கெக்கோக்களை வளர்க்கத் தொடங்கியவராம். முதல் பரிசுக்கான நீல ரிபனைக் கையில் வாங்கும்போது அவருக்குக் கண் கலங்கிவிட்டது. நடுவர் வேலை முடிந்ததும், ஒரு நல்ல வார்த்தை சொல்லுவோம் என்று அவருடைய மேசைக்குப் போனேன்.

மேசையைச் சுற்றிச் சனம். பெட்டி திறந்திருந்தது. அவர் ஒரு புழுவைப் போட்டார். கெக்கோ பாய்ந்தது. புழு இருந்த இடத்துக்கு இல்லை, அதுக்கு இரண்டு விரல் தள்ளி. திரும்பவும் பாய்ந்தது. திரும்பவும் வெறும் தரை. வாயைத் திறந்து மூடியது. பிறகு தலையை முதுகுப் பக்கம் மடித்து முகட்டைப் பார்த்தபடி சுற்றத் தொடங்கியது. ஒரே இடத்தில் சுற்றிச் சுற்றிச் சுற்றி. நிறுத்த அதாலே முடியவில்லை. சனம் சிரித்துச் சிரித்து வீடியோ எடுத்தது.

"உது டான்ஸ் ஆடுது, தங்கச்சி," என்றார் அவர் என்னைக் கண்டுவிட்டு.

அது என்னைப் பார்க்கவில்லை. கழுத்தை நேரே வைத்திருக்க அதுக்கு ஏலாமல் இருந்திருக்கிறது. நிறத்துக்காகவே பெருக்குகிற ஒரு வகைக் கெக்கோவுக்கு இப்படி மூளையில் கோளாறு வரும் என்று நான் வாசித்திருக்கிறேன். சத்தமும் வெளிச்சமும் கூடினால் அது இன்னும் மோசமாகும் என்றும் தெரியும். இத்தனை வருசம் வளர்த்தவள், கொப்பி எழுதுகிறவள், நோயைப் பார்த்து வடிவு என்று புள்ளி போட்டிருக்கிறேன்.

"அண்ணை, உது டான்ஸ் இல்லை. உதுக்கு வருத்தம்."

"வருத்தமோ? உந்த வகை எல்லாம் உப்பிடித்தான். நிறம் வேணுமெண்டால் கொஞ்சம் சுத்தும். வித்தவனும் அப்பிடித்தான் சொன்னவன். நீங்கள்தானே தங்கச்சி முதல் பரிசு தந்தனீங்கள்?"

நேரே அமைப்பாளரிடம் போனேன். என் தாளைத் திருப்பித் தாருங்கள், நான் பிழையாகப் போட்டுவிட்டேன் என்றேன். நல்ல மனிசன்தான், குடிக்கக் கோப்பி வேண்டுமா என்று கேட்டார். பிறகு, நடுவர் தீர்ப்பு முடிந்தால் முடிந்ததுதான் என்றார். சாப்பாட்டைப் பிடிக்கத் தெரியாத பிராணிக்கு எப்படி முதல் பரிசு என்று கேட்டேன். நடையும் சாப்பாடும் எங்கள் விதியில் இல்லை, தோற்றத்துக்குத்தானே போட்டி, சுகத்தைப் பார்ப்பது வளர்க்கிறவரின் பொறுப்பு என்று ஆறுதலாக விளங்கப்படுத்தினார். எனக்கு வந்த கோபத்தில் இங்கிலீஷ் தடுமாறியது. பெட்டி வடிவாக இருக்கிறதா என்று பார்க்கப் பத்துப் புள்ளி வைக்கத் தெரிந்த உங்களுக்கு, உள்ளே இருக்கிற உயிர் நேராக நடக்கிறதா என்று பார்க்க ஒரு புள்ளி வைக்கத் தெரியவில்லையா என்று கேட்டேன். அடுத்த வருசம் கூட்டத்தில் கதைப்போம் என்றார்.

திரும்பி வந்தால் அந்த மேசையில் வரிசை. அடுத்த முறை பொரிக்கிற குஞ்சுகளுக்குப் பெயர் பதிகிறார்கள். நான் பொறுக்கவில்லை. வரிசையில் நின்றவர்களிடம் சத்தமாகவே சொன்னேன்: இது நரம்புக் கோளாறு, குஞ்சுக்கும் வரும், தயவுசெய்து எடுக்காதீர்கள், நடுவர் நான்தான், பிழை என்னுடையது. இரண்டு பேர் விலகிப் போனார்கள். மற்றவர்கள் என்னை ஒரு மாதிரிப் பார்த்துவிட்டு அப்படியே நின்றார்கள்.

அவருடைய முகம் கறுத்துவிட்டது. "எங்கட ஆள் எண்டு சந்தோசப்பட்டன். இத்தினை வெள்ளைக்காரருக்கு முன்னாலை என்னைக் கேவலப்படுத்திப் போட்டியள். போங்கோ, தங்கச்சி."

கொஞ்ச நேரத்தில் ஒருவர் வந்து கழுத்து அட்டையைத் திருப்பிக் கேட்டார். கொடுத்துவிட்டு வெளியே வந்து, காருக்குள் இருந்து அழுதேன். வீட்டில் கதையைச் சொன்னபோது கணவர் பகிடி விடவில்லை. "அந்தாளும் பாவம்தான்," என்று மட்டும் சொன்னார். அன்றைக்கு எனக்கு அது பிடிக்கவில்லை.

பனி கொட்டத் தொடங்கியபிறகு ஒருநாள் பின்னேரம் அந்த றெக்ஸ்டேல் அண்ணையிடமிருந்து போன் வந்தது. கண்காட்சிக்காரரிடம் என் நம்பரை வாங்கியிருக்கிறார். மன்னிப்பு ஒன்றும் கேட்கவில்லை. "தங்கச்சி, அது சாப்பிடுதில்லை," என்றார். குரல் உடைந்திருந்தது.

றெக்ஸ்டேலுக்குப் போனேன். வரவேற்பறை டிவிக்கு மேலே அந்த நீல ரிபன். கீழே தொட்டிக்குள் அந்தக் கெக்கோ. கொழுப்புச் சேர்த்து வைக்கிற வால் பென்சில் போல மெலிந்திருந்தது. நாள்தோறும் புழு போட்டிருக்கிறார். பிடிக்கத் தெரியாமல் அது பட்டினி கிடந்திருக்கிறது. சிறு இடுக்கியால் புழுவைப் பிடித்து, அதன் வாய்க்குப் பக்கத்தில், தலை சரிகிற பக்கமாகவே கையைச் சரித்துக்கொண்டு போய்க் காட்டினேன். நாலாம் தரம் கவ்வியது. அவர் இடுக்கியை வாங்கித் தானும் செய்தார். அடுத்த நாள் மிருக வைத்தியரிடம் சேர்ந்தே கொண்டுபோனோம். பிறவிக் கோளாறு, வரவரக் கூடும், மருந்தில்லை, இப்படித்தான் ஊட்டவேண்டும் என்றார் அந்த வைத்தியர்.

திரும்பி வரும்போது காருக்குள் அவர் சொன்னது இன்னும் காதில் இருக்கிறது. "உது வைச்ச முட்டையிலை பொரிச்ச ஆறு குஞ்சிலை மூண்டு சுத்துது, தங்கச்சி. நான் என்னத்தைக் கண்டன்? பரிசு தந்தாங்கள். பரிசு குடுத்தால் நல்லதெண்டுதானே மனிசன் நினைப்பான்?"

அவர் மீது எனக்கு இருந்த கோபம் அதோடு போய்விட்டது. போகாமல் நின்றது அந்தத் தாள் மீதும், அதைக் கேள்வி கேட்காமல் நிரப்பிய என் மீதும்தான். மூச்சு விட முடியாத அளவுக்கு நாய்களின் மூக்கைச் சப்பையாக்கி ரிபன் கட்டியது காணாது என்று, இப்போது பல்லியிடம் வந்திருக்கிறோம். நாயாவது மூச்சு இளைத்துக் காட்டும், முனகும். இது பெட்டிக்குள் சத்தம் போடாமல் சுற்றிக்கொண்டிருக்கும். நாங்கள் டான்ஸ் என்போம்.

குஞ்சுக்குப் பெயர் பதிந்தவர்களுக்கு அவர் ஒவ்வொருத்தராகப் போன் எடுத்து, குஞ்சு இல்லை என்று சொல்லிவிட்டார். ஏன் என்றும் சொன்னார். ஒருத்தர் மட்டும், சுற்றினாலும் பரவாயில்லை, நிறம் நல்லம், தாருங்கள் என்று கெஞ்சினாராம். கொடுக்கவில்லை. சுற்றுகிற மூன்று குஞ்சுகளும் இப்போது என் வீட்டில். தாயை அவர்தான் வைத்திருக்கிறார், ஒருநாள் விட்டு ஒருநாள் இடுக்கியால் ஊட்டுகிறார். இனிச் சோடி சேர்ப்பதில்லை.

கண்காட்சிக்காரருக்கு நான் மூன்று பக்கத்தில் கடிதம் எழுதினேன். இந்த வருசத் தாளில் 'பொதுவான சுகம்' என்று ஒரு வரி சேர்த்து, அதுக்கு ஐந்து புள்ளி போட்டிருக்கிறார்களாம். பெருமையாகப் பதில் அனுப்பியிருந்தார்கள். திரும்பவும் நடுவராக வரச் சொல்லியும் கேட்டிருந்தார்கள். பல்லியை வெளியே எடுத்து நடக்கவிட்டு, சாப்பிடவிட்டு, அதில் தேறியதுக்கு மட்டும் பிறகு நிறத்தைப் பார்க்கலாம் என்றால் வருகிறேன் என்று எழுதினேன். இன்னும் பதில் இல்லை.

வடிவாக இருக்கிற எதையும் இப்போது என்னால் அவசரப்பட்டு மெச்ச முடியவில்லை. அந்த வடிவுக்காக வாயில்லாச் சீவன் எது பட்டினி கிடக்கிறது என்று தேடிப் பார்த்துவிட்டுத்தான் மனசு அடங்குகிறது.