தவமலர் வெட்டிய தறிக்குழி

தவமலர் மன்னாரிலிருந்து படகில் வந்தபோது அவளுக்கு எட்டு வயது. ஆரணிக்குப் பக்கத்து அகதி முகாமில் ஒரு தகரக் கொட்டகையைக் காட்டி, "ஆறு மாசம் பொறுத்துக்கோங்க, எல்லாம் தற்காலிகம்தான்" என்றாராம் ஓர் அதிகாரி. அந்த மகராசன் ஓய்வு பெற்று, பேரன் பேத்தி எடுத்து, போயும் சேர்ந்துவிட்டார். கொட்டகை மட்டும் நின்றது. தவமலர் அதிலேயே பெரியவளாகி, அதிலேயே கல்யாணம் கட்டி, இரண்டு பிள்ளை பெற்றாள். அவள் அம்மாவின் பாடையும் அங்கிருந்துதான் கிளம்பியது. "எனக்கு நாப்பத்திமூணு வயசாவுது, அவங்க சொன்ன ஆறு மாசம் இன்னும் முடியலைங்க" என்பாள். ஆரணிப் பேச்சு அவள் வாயில் அப்படியே ஒட்டிக்கொண்டது. மனசு பொங்கினால் மட்டும் மன்னார் எட்டிப் பார்க்கும், 'போதும்' என்பது 'காணும்' ஆகிவிடும்.

சேவூரில் வீரபாகு முதலாளி வீட்டுத் தறியில் பட்டு நெய்யக் கற்றாள். பதினேழு வருஷமாய் அதுதான் சோறு போடுகிறது. ஆனால் முகாமில் 'செக்கிங்' என்றொரு கூத்து உண்டு. அதிகாரி பேர் படிக்கும்போது ஆள் நேரில் நிற்க வேண்டும். இல்லையென்றால் முகாம் பட்டியலில் பேர் போகும், பேரோடு வீடும் போகும். பத்து மணிக்கு என்பார்கள். ஐயாமார்கள் மூன்று மணிக்கு ஏப்பம் விட்டுக்கொண்டே வந்து இறங்குவார்கள். பாதிச் சேலையைத் தறியிலேயே போட்டுவிட்டு டவுன் பஸ்ஸைப் பிடித்து ஓடுவாள் தவமலர். "முப்பத்தஞ்சு வருசமா எண்ணிகினே கீறானுவ, இன்னும் கணக்கு வரல போல" என்று பஸ்ஸிலேயே திட்டுவாள்.

போன வருஷம் கொட்டகையை இடித்துவிட்டு அரசாங்கம் கான்கிரீட் வீடு கட்டிக் கொடுத்தது. நல்ல வீடுதான், இல்லையென்று சொன்னால் நாக்கு அழுகிவிடும். அந்த நேரம் பார்த்து வீரபாகுவும் தன் வீட்டை இடித்து மாடி கட்டக் கிளம்பினார்.

"தறிய நீயே எடுத்துகினு போம்மா. உன் வூட்லயே நெய்யி, பாவும் பட்டும் நான் அனுப்பறேன். வெள்ளிக்கிழமைக்குள்ள குழி வெட்டிடு. இல்லன்னா சேத்துப்பட்டுக்காரன் ஒருத்தன் கேட்டுகினு இருக்கான்."

தவமலருக்கு அழுகையே வந்துவிட்டது. சொந்தத் தறி! இனிப் பேர் படித்தால் தறியை விட்டு எழுந்து வாசலுக்கு வந்தால் போதும்.

நெய்பவர் தரையில் உட்கார்ந்து காலைக் குழிக்குள் விட்டுத்தான் மிதிபலகையை மிதிக்க வேண்டும். குழி இல்லாமல் அந்தத் தறி இல்லை. செவ்வாய்க்கிழமை அவளும் புருஷனும் ஹாலில் டைல்ஸைப் பெயர்த்துத் தொடையளவு ஆழம் வெட்டினார்கள். புதன்கிழமை செக்கிங்குக்கு வந்த அதிகாரி உள்ளே எட்டிப் பார்த்தார்.

"இன்னாம்மா இது, கவர்மென்ட் வூட்ட நோண்டி வெச்சிருக்கே?"

"தறி போடத்தாங்க சார்."

"இது தற்காலிகக் குடியிருப்பு. நிரந்தரமா எதுவும் பண்ணக் கூடாது. ஜல்தியா மூடு. இல்லன்னா வீட்டு ஆர்டரையே கேன்சல் பண்ணிடுவேன்."

அடேயப்பா, என்ன அறிவு! முப்பத்தைந்து வருஷம் ஒருத்தியை ஒரே இடத்தில் உட்கார வைத்தது தற்காலிகமாம், தொடையளவு குழி நிரந்தரமாம். இதையெல்லாம் எந்தப் பள்ளிக்கூடத்தில் சொல்லிக் கொடுக்கிறார்களோ தெரியவில்லை. வீடு போனால் பிள்ளைகளை எங்கே படுக்க வைப்பாள்? கூடைக்கு ஒரு வசவாக மண்ணைக் கொட்டிக் குழியை மூடினாள். சேத்துப்பட்டுக்காரன் கொடுத்து வைத்தவன் என்று புருஷனிடம் சொல்லிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

வியாழக்கிழமை காலையில் அதே அதிகாரி ஜீப்பில் வந்து குதித்தார். சட்டையெல்லாம் வேர்வை.

"நாளைக்குப் புது வீடுங்களப் பாக்க மேலிடத்துலேர்ந்து வர்றாங்க. பேப்பர்காரங்களும் வர்றாங்க. நீ பட்டு நெய்யறவதானே? உன் வூட்ல தறியில உக்காந்துகினு இருக்கற மாதிரி ஒரு போட்டோ வேணும். அந்தக் குழியத் தோண்டிடும்மா."

"நேத்து மூடச் சொன்னீங்களே சார்?"

"அது நேத்து. பேஜார் பண்ணாத."

"வாயால சொன்னா ஆவாது சார். நாளன்னிக்கு இன்னொரு சார் வந்து மூடச் சொல்லுவாரு. எழுதிக் குடுங்க."

அவர் முறைத்தார். கடிகாரத்தைப் பார்த்தார். பிறகு ஜீப் பானட்டில் தாளை வைத்து, தறிக்குழி அமைத்துக்கொள்ள அனுமதி என்று எழுதினார். கையெழுத்துப் போடும் முன் ஏதோ தோன்றியதுபோல, நடுவில் 'தற்காலிகமாக' என்று ஒரு வார்த்தையைச் செருகி, முத்திரையும் குத்தினார். தன் சாமர்த்தியத்தில் அவருக்கே ஒரு சிரிப்பு.

தவமலர் எழுத்துக் கூட்டிப் படித்தாள். தாளை நான்காக மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு, மூலையில் கிடந்த கடப்பாரையைக் கையில் எடுத்தாள்.

"இது காணும் சார். தற்காலிகமெண்டா என்ர ஆயுசுக்கும் வரும்."