சாமிக்கு ஆகாத பூ

ரொண்டானே தேசியப் பூங்காவுக்கு அன்று போனது அப்பா, தங்கச்சி, நான். அம்மா வரவில்லை. அவர் வேலை செய்த முதியோர் இல்லத்தில் அந்த ஞாயிறு அவருடைய முறை. எங்கள் வீடு இருக்கும் பியோர்ண்டாலில் இருந்து விடியப் புறப்படும்போது, "மலைப் பூ ஒரு பிடி சாமிக்குக் கொண்டு வாங்கோ" என்று அப்பாவின் கையில் வெறும் ஐஸ்கிரீம் பெட்டி ஒன்றைக் கொடுத்துவிட்டார்.

என் காரியம் வேறு. பல்கலைக்கழக விண்ணப்பத்தில் முதலாவதாக மருத்துவமும் இரண்டாவதாக உயிரியலும் போட்டிருந்தேன். ஜூன் முடிவதற்குள் வரிசையை மாற்றலாம். அப்பா ஐந்தாம் வகுப்போடு நின்றவர். எங்கள் குடும்பத்தில் பல்கலைக்கழகம் போகப்போகிற முதல் ஆள் நான். செடிகொடிகளைத்தான் படிக்க விருப்பம் என்று அவருக்கு நேரில் காட்டிச் சொல்ல நினைத்தேன்.

மேலே இன்னும் திட்டுத் திட்டாகப் பனி கிடந்தது. அது உருகிய ஈரத்தில் மூகொப் என்ற மலைப்பூ பூத்திருந்தது. வெளியே ஊதா, உள்ளே வெள்ளை, தண்டு முழுக்கப் பூனைக்குட்டி மயிர். அப்பா குந்திக்கொண்டு பெட்டியைத் திறந்தார்.

"அப்பா, இஞ்சை பூ ஆயக்கூடாது. சட்டம்."

"சாமிக்கு எண்டாலுமோ?"

"ஓம், சாமிக்கு எண்டாலும்."

"ஒரு பிடி எடுத்தால் மலை குறைஞ்சு போகாது, தம்பி."

நான் சட்டத்தை விளக்க வாய் திறப்பதற்குள், தங்கச்சி குப்புறப் படுத்து அந்தப் பூவை மணந்தாள். "ஐயே, ஒரு வாசமும் இல்லை."

"என்ன பிள்ளை செய்தாய்! மணந்த பூ சாமிக்கு ஆகாதெல்லோ!"

அவளுக்கு அது போதும். கைக்கெட்டிய பூவையெல்லாம் ஒவ்வொன்றாக மணந்துகொண்டே தவழ்ந்தாள். அப்பா திட்டத் தொடங்கி, பாதியில் சிரித்துவிட்டார். பெட்டியை மூடிவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"இந்த மயிர் எதுக்கு?"

"குளிருக்கு. சூட்டைப் பிடிச்சு வைக்கும். வெயில் போனால் பூவும் மூடிக்கொள்ளும்."

"வடக்கை, பனிக்குள்ளை, ஹம்மர்பெஸ்ட் மீன் தொழிற்சாலைக்கு நான் செருப்பும் மெல்லிய சேட்டுமாய் வந்திறங்கினனான். இதுக்கு இருந்த புத்தி எனக்கு இருக்கேல்லை."

பிறகு எத்தனை நாள் பூத்திருக்கும், மான் தின்னுமா என்று கேட்டுக்கொண்டே வந்தார். தெரிந்ததைச் சொன்னேன். தெரியாததற்கு, அதைத்தான் படிக்க விருப்பம், விண்ணப்பத்தில் வரிசையை மாற்ற வேண்டும் என்றேன். அவர் வெறும் பெட்டியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டார்.

"டொக்டர் எண்டால் சனத்துக்குச் சொல்ல லேசு. இதை என்னெண்டு சொல்லுறது?"

"மகன் பூ படிக்கிறான் எண்டு சொல்லுங்கோ," என்றாள் தங்கச்சி.

"சிரிப்பாங்கள்."

"நான் பூ மணக்கேக்கை நீங்களும்தான் சிரிச்சனீங்கள்."

காரடிக்கு வந்து சப்பாத்துச் சேற்றைத் தட்டும்போது, என்னைப் பார்க்காமலே சொன்னார்: "அந்த வரிசையை மாத்து. சம்பளம் வாற படிப்புத்தானே? கொம்மாவோடை நான் கதைக்கிறன்."

அம்மாவிடம் வெறுங்கையோடு போய்க் கதைக்க முடியாதென்று வழியில் ஒரு கடையில் சாமிக்குச் செவ்வந்திப் பூச்சாடி ஒன்றை வாங்கினார். அதை மணக்கக்கூடாதென்று தங்கச்சியைக் காரைவிட்டு இறங்கவே விடவில்லை. பெற்றோல், சாலைக் கட்டணம், சாடி எல்லாமாக எங்களுக்குச் செலவானது எழுநூற்று நாற்பது குரோனர்.